அச்சுக்கும் பம்பருக்கும் இடையே

1978 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஊர்தோறும் இருந்த ஃபோர்டு விற்பனையாளர்களின் பட்டறைகளில் ஒரே மாதிரியான வேலையொன்று திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. தூக்கியின் மேல் ஏற்றப்பட்ட ஒரு சிறிய காரின் அடியில் மெக்கானிக் நின்று, பின்புறத்தில் தொங்கும் பெட்ரோல் தொட்டியைக் காலி செய்து, அதைக் கீழே இறக்கி, தொட்டியின் முன்முகத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வரும்படி பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கால் ஆன தகடு ஒன்றைப் பொருத்தி, பெட்ரோல் ஊற்றும் பழைய குழாயை உருவி எடுத்துவிட்டு அதைவிட நீளமான குழாயைப் புதிய அடைப்பு வளையத்தோடு சொருகி, யாவற்றையும் மறுபடி முடுக்கிக் காரைத் தரையில் இறக்கிவிடுவார். கட்டணம் வாங்கமாட்டார்கள். கார்க்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் காரின் பெயர் பின்டோ. வெள்ளையும் வேறு நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்த குதிரைகளுக்கு வழங்கும் பெயர் அது. 1971 முதல் 1976 வரையிலான பின்டோக்களையும், அதே உடலும் வேறு பெயரும் கொண்ட மெர்க்குரி பாப்காட் கார்களில் சிலவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சீர்திருத்தித் தருவதாக 1978 ஜூன் 9 அன்று ஃபோர்டு ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. விற்று, பணம் பெற்று, ஆண்டுகள் பல சென்ற பிறகும் ஒரு பொருள் செய்தவனின் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை என்னும் கருத்து நாகரிக உலகின் பெரும் சாதனைகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். ஆயினும் இந்தச் சாதனையின் உட்புறத்தைப் பார்க்கும்போது, ஒரு பிளாஸ்டிக் தகடு தனக்குரிய இடத்தை அடைய ஏன் ஏழாண்டுகள் பிடித்தன என்ற கேள்வி நெஞ்சை உறுத்தாமல் இருப்பதில்லை. அதற்கு விடை காணப் பெட்ரோலின் இயல்பையும், உலோகம் நசுங்கும் விதத்தையும், எண்களைக் கண்டு மனிதர் முடிவு செய்யும் முறையையும் ஒருங்கே ஆராயவேண்டியிருக்கிறது.

முதலில் பெட்ரோல். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி நிகழ்த்திய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், எரிவது மெழுகு அல்ல, மெழுகின் ஆவியே என்பதை, சுடரின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வழியே அந்த ஆவியை வெளியே இழுத்துக் குழாயின் நுனியில் கொளுத்திக் காட்டி விளக்கினார். மெழுகு ஆவியாவதற்கு ஒரு சுடரின் உஷ்ணம் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு நல்ல வெயில் காலத்து வெப்பம் வேண்டும். 38 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த நிலையில் அதன் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி சேர்வதில்லை. பெட்ரோலோ நீர் உறையும் நிலைக்கும் 40 டிகிரி கீழே இருக்கும்போதே பற்றிக்கொள்ளப் போதுமான ஆவியை வெளிவிடுகிறது. ஆகவே மனிதர் வாழும் அநேகமாக எந்த ஊரிலும், எந்தப் பருவத்திலும், சிந்திய பெட்ரோல் தீக்குத் தயாரான பெட்ரோல்தான்.

ஆனாலும் எந்தக் கலவையும் எரிந்துவிடாது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் குறைந்தாலும் சுடர் பரவாது. ஏழரைப் பங்கு அளவைத் தாண்டினாலும் பரவாது. மூடிய தொட்டிக்குள் திரவத்தின் மேல் தங்கியிருக்கும் ஆவி வழக்கமாக இந்த மேல்வரம்பைத் தாண்டியே இருப்பதால், பலரும் அஞ்சுவது போலத் தொட்டியின் உட்புறம் அவ்வளவு அபாயமானதன்று. தொட்டியில் ஓட்டை விழுந்து, திரவம் வெளியே பீறிட்டு, காற்றோடு கலந்து, அந்த ஏழரையிலிருந்து ஒன்றரைக்கு இறங்கி வரும் வழியில்தான் அபாயம் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 170 லிட்டர் ஆவியாகும். அது நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற விகிதத்தில் காற்றோடு கலந்தால் எட்டு, ஒன்பது கன மீட்டர் இடத்தை எரியும் கலவையால் நிரப்பிவிடும். மூன்று சிறிய கார்களின் உட்புறத்தை நிரப்ப அது போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையைத் தழுவித் தவழ்கிறது. அதைக் கொளுத்தத் தேவையான பொறியின் சக்தியோ ஒரு ஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கால்வாசி. கம்பளி விரிப்பில் நடந்துவிட்டுக் கதவின் உலோகப் பிடியைத் தொடும்போது விரல் நுனியில் சுரீரென்று தைக்கிறதே, அந்தப் பொறியில் இதைப்போல் பல மடங்கு சக்தி இருக்கிறது. இரும்பும் இரும்பும் உராயும் விபத்தில், விளக்குகள் உடைந்து கம்பிகள் அறுந்து கிடக்கும் இடத்தில், பொறிக்குப் பஞ்சம் ஏது? பொறியைத் தடுப்பது ஆகாத காரியம். கசிவைத் தடுப்பது ஒன்றே வழி.

இத்தகைய திரவத்தில் நாற்பது லிட்டரைக் காரில் எங்கே வைப்பது? ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்ப சக்தி, ஒரு டன் எடையுள்ள காரை மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. ஆகவே தொட்டியின் இடம் பொருளும் உயிரும் சம்பந்தப்பட்ட கேள்வி. பின்டோ உருவான காலத்தில் ஐரோப்பிய, ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் தொட்டி பின் அச்சுக்கு மேலே இருந்தது. அமெரிக்கக் கார்களில் பின் அச்சுக்குப் பின்னால், சாமான் அறையின் தரைக்கு அடியில் வைப்பதே வழக்கம். பெரிய கார்களில் அது அவ்வளவு தொல்லை தரவில்லை. ஏனெனில் தொட்டிக்குப் பின்னே நீண்ட வாலும், அந்த வாலைத் தாங்கும் வலிய சட்டமும் அவற்றுக்கு இருந்தன.

பின்டோவுக்கு வால் இல்லை. ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து குவிந்த சிறு கார்களை எதிர்த்து நிற்க, 2000 பவுண்டு எடைக்கும் 2000 டாலர் விலைக்கும் மேற்படாத ஒரு கார் வேண்டும் என்று அப்போது ஃபோர்டில் செல்வாக்கோடு இருந்த லீ ஐயகோக்கா வற்புறுத்தினார். வழக்கமான அவகாசத்தைவிட மிகக் குறைந்த காலத்தில் அது தயாராகி, 1970 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. முதலில் வெளித்தோற்றம் தீர்மானிக்கப்பட்டு, அந்தத் தோற்றத்துக்குள் உறுப்புகளை அடக்குவது பொறியாளர்களின் வேலையாயிற்று என்று பின்னர் கலிபோர்னியா நீதிமன்றத்தின் தீர்ப்பு குறிப்பிட்டது. தொட்டியை அச்சுக்கு மேலே வைத்தால் சாமான் அறை சுருங்கும், ஊற்றும் குழாய் வளைந்து வளைந்து போகவேண்டியிருக்கும், பெட்ரோல் பிரயாணிகளுக்கு நெருக்கமாக வந்துவிடும் என்று அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களும் வெறும் சாக்கல்ல. அவர்களில் பலர் அதை மெய்யாகவே நம்பினார்கள். முடிவில் தொட்டி அச்சுக்கும் பின் பம்பருக்கும் இடையே அமர்ந்தது. மோதலில் நசுங்குவதற்கென்று அங்கே எஞ்சிய இடைவெளி ஒன்பது அல்லது பத்து அங்குலம்.

இந்த அங்குலக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஒரு டன் எடையுள்ள காரின் மேல், அரசாங்கப் பரிசோதனையில் உபயோகித்ததைப் போன்ற, 1800 கிலோகிராம் எடையுள்ள நகரும் தடுப்பு ஒன்று மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து மோதுவதாகக் கொள்வோம். மோதிய பின் இரண்டும் ஒன்றாக முன்னோக்கி நகரும். அந்த நகர்ச்சியில் ஒரு பகுதி சக்தி சேர்ந்துபோக, மிச்சம் ஏறத்தாழ 58,000 ஜூல் உலோகத்தை நசுக்குவதில் செலவாகியே தீரவேண்டும். சக்தி என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. தூரம் ஒன்பது அங்குலமானால் சராசரி விசை ஏறத்தாழ 25 டன் எடை அழுத்துவதற்குச் சமம். இன்னும் எட்டு அங்குலம் நீட்டிக்கொடுத்தால் அதே விசை 14 டன்னுக்கு இறங்கிவிடும். அவசரத்தில் ஓடிவருகிறவனைக் கையை மடக்கித் தாங்குவதற்கும் விறைப்பாக நீட்டித் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

25 டன் விசை எங்கே போகும்? பம்பர் அதைத் தாங்கும் வலிமை உடையதன்று; பின் சட்டத்துக்கும் போதிய முட்டுக் கிடையாது. ஆகவே தொட்டி அப்படியே முன்னோக்கித் தள்ளப்பட்டு, அசைக்கமுடியாத பின் அச்சின் மேல் மோதுகிறது. அச்சின் நடுவில் இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் கூடு புடைத்துக்கொண்டிருக்கிறது; அந்தக் கூட்டை மூடும் போல்ட்டுகளின் தலைகள் தொட்டியைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருக்கின்றன. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது. ஒரு போல்ட் தலையின் பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே. கட்டைவிரலால் அழுத்தித் துளைக்கமுடியாத அட்டையை ஊசி துளைத்துவிடுவதைப் போல, மெல்லிய எஃகுத் தொட்டியை அந்தத் தலைகள் துளைத்துவிடுகின்றன. தொட்டி நிறைந்திருந்தால் பாஸ்கல் கண்ட தத்துவமும் கூடச் சேர்ந்துகொள்கிறது: நசுங்கும் தொட்டியின் கொள்ளளவு குறைகிறது, திரவம் சுருங்க மறுக்கிறது, அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, பற்றவைத்த விளிம்புகளில் எது பலவீனமோ அதைப் பிளக்கிறது. இதற்கிடையே ஊற்றும் குழாயின் வாய் காரின் பக்கச்சுவரில் பிணைந்திருக்க, அதன் மறுமுனை தொட்டிக்குள் வெறுமனே சொருகப்பட்டிருப்பதால், தொட்டி முன்னே நகர்ந்ததும் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. துளை, பிளவு, திறந்த வாய் ஆகிய இந்த மூன்று வழிகளிலும் பெட்ரோல் வெளியேறுகிறது. பின் சக்கரக் கூட்டுக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவே விரிந்த இடுக்குகளின் வழியே சில சமயம் பிரயாணிகள் அமர்ந்திருக்கும் இடத்துக்குள்ளேயே பீச்சியடிக்கிறது.

இவையெல்லாம் விபத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. மணிக்கு 21 மைல் வேகத்தில், அதாவது 34 கிலோமீட்டரில், நிலையான தடுப்பின் மேல் பின்பக்கமாக மோதவிட்ட ஒரு பின்டோவில் குழாய் பிய்ந்துபோய், டிஃபரன்ஷியல் கூட்டின் போல்ட் தலை தொட்டியைத் துளைத்ததை ஃபோர்டின் சொந்தப் பரிசோதனையே காட்டியது. பரிகாரங்களும் விலையோடு தெரிந்திருந்தன: டிஃபரன்ஷியலுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு 2 டாலர் 35 சென்ட், துருத்தல் இல்லாத வழவழப்பான கூடு 2 டாலர் 10 சென்ட், எட்டு அங்குலம் கூடுதல் இடைவெளி 6 டாலர் 40 சென்ட். பின்சட்டம், அச்சு, பம்பர், இடைவெளி யாவற்றையும் சேர்த்து 15 டாலர் 30 சென்ட் செலவழித்திருந்தால் மணிக்கு 34 முதல் 38 மைல் வரையிலான மோதலைத் தொட்டி தாங்கியிருக்கும் என்று அந்தக் கலிபோர்னிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு எடுத்துரைக்கிறது. ஆனால் அந்நாளில் பின்மோதலுக்கென்று அரசாங்கத்தின் விதி எதுவும் இல்லை. எரிபொருள் அமைப்பைப் பற்றிய 301 ஆம் எண் தரவிதி முன்மோதலை மட்டுமே பார்த்தது. மணிக்கு 30 மைல் பின்மோதல் அதில் சேர்ந்தது 1977 ஆம் வருஷத்து மாதிரிக் கார்களிலிருந்துதான். அந்த ஆண்டுப் பின்டோவில் தகடும் திருந்திய குழாயும் இருந்தன. ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருந்த பின்டோக்களில் அவை இல்லை.

இங்கேதான் திரும்ப அழைத்தல் என்னும் ஏற்பாட்டின் சூட்சுமமான பகுதி தொடங்குகிறது. டென்னிஸ் ஜியோயா என்பவர் 1973 முதல் 1975 வரை ஃபோர்டில் இந்த வேலையைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். பின்னாளில் பேராசிரியராகி, 1992 இல் தம் அனுபவத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஒரே சமயத்தில் நூறளவு திரும்ப அழைப்புகள் நடந்துகொண்டிருந்த அலுவலகம் அது. எந்தக் குறை அழைப்புக்கு உரியது என்று நிதானிக்க அவர் இரண்டு அடையாளங்களைத் தேடுவார்: ஒரே விதமான பழுது அடிக்கடி நிகழவேண்டும்; அல்லது பழுதின் காரணம் ஓர் உறுப்பின் தெளிவான குற்றத்தில் போய் முடியவேண்டும். எரிந்த பின்டோக்களைப் பற்றிய தகவல்கள் அவர் மேஜைக்கு ஒன்றும் இரண்டுமாக வந்தன. பழுதடைந்த பொருள்களைச் சேர்த்துவைத்திருந்த கிடங்கில் எரிந்து உருக்குலைந்த ஒரு பின்டோவை அவர் நேரில் பார்த்து மனம் கலங்கினார். விஷயத்தைக் குழுவின் முன் கொண்டுபோனார். ஆயினும் எண்ணிக்கை சொற்பம், உறுப்பு எதுவும் உடைந்துபோகவில்லை, கார் அமைத்தபடியேதான் இருக்கிறது என்ற நிலையில், குழு அழைப்பு வேண்டாம் என்று வாக்களித்தது. அவரும் அப்படியே வாக்களித்தார். அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு பின்டோ. அதைப் பிறகு தம் சகோதரிக்கே விற்றார். தீய எண்ணம் உடையவர் அப்படிச் செய்யமாட்டார் என்பதனாலேயே இந்தச் செய்தி என்னை மற்றெல்லாவற்றையும்விட ஆழமாகத் தைக்கிறது. போல்ட் உடைந்தால் அது குறை. போல்ட் உடையாமல் உறுதியாய் நின்று தொட்டியைத் துளைத்தால் அதைக் குறையென்று காண அவருடைய கண் பயிற்றப்பட்டிருக்கவில்லை. குறை உறுப்பில் இல்லை, உறுப்புகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் இருந்தது.

புள்ளிவிவரமும் அவருக்குத் துணைசெய்யவில்லை. லட்சக்கணக்கான கார்களில் பல ஆண்டுகளில் சில பத்து விபத்துகள் என்றால், ஒரு மாதத்தில் ஒரு மேஜைக்கு வருவது ஒன்றோ, அதுவும் இல்லையோ. பின்டோவின் மொத்த மரணவிகிதம் அதே அளவுள்ள மற்றச் சிறு கார்களினுடையதைவிட மோசமானதல்ல என்று சட்ட அறிஞர் கேரி ஷ்வார்ட்ஸ் 1991 இல் எடுத்துக்காட்டினார். தீப்பிடித்த எல்லா மரண விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அதன் பங்கு அதன் எண்ணிக்கைக்கு ஒத்ததாகவே இருந்தது. பின்னாலிருந்து மோதித் தீப்பிடித்தவை என்ற குறுகிய வகுப்பை மட்டும் தனியே பிரித்தால்தான் அதன் பங்கு இருமடங்குக்கும் மேலே எழுகிறது. எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கட்டத்துக்குள் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அவை பேசவும் செய்யும், மௌனமாகவும் இருக்கும்.

இந்த இடத்தில் பரவலான ஒரு தவறையும் திருத்தவேண்டும். 1973 இல் ஃபோர்டில் தயாரான ஒரு குறிப்பில் 180 மரணங்கள், 180 தீக்காயங்கள், 2100 எரிந்த வாகனங்கள் என்று எண்ணி, ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர், ஒரு காயத்துக்கு 67,000, ஒரு வாகனத்துக்கு 700 என்று விலை போட்டு, நன்மை 4 கோடியே 95 லட்சம் டாலர், செலவு 13 கோடியே 70 லட்சம் டாலர் என்று முடித்திருந்தார்கள். பின்டோவைச் சரிசெய்வதா, எரிந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதா என்று போட்ட கணக்கு இது என்றே பலரும் எழுதிவருகிறார்கள். அப்படியன்று. கார்கள் கவிழும்போது ஏற்படும் கசிவைத் தடுக்கும் விதியொன்றைப் பற்றி, அமெரிக்காவில் ஓர் ஆண்டில் விற்பனையாகும் ஒன்றேகால் கோடி வாகனங்களையும் ஒருங்கே கருதி, அரசாங்கத்திடம் சமர்ப்பிக்கப்பட்ட குறிப்பு அது. உயிரின் விலையும் அரசாங்க நிபுணர்கள் தாமே வகுத்த தொகைதான். ஆயினும், பிழையைத் திருத்திய பிறகும் அந்தத் தாளைப் படிக்கையில் மனம் சமாதானம் அடையவில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

1977 இல் மதர் ஜோன்ஸ் என்னும் பத்திரிகையில் மார்க் டௌவி எழுதிய கட்டுரை பின்டோவை ஊரறியச் செய்தது. நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கான மத்திய நிர்வாகம் விசாரணை தொடங்கியது. நிர்வாகத்தின் பரிசோதகர்கள் கனத்த ஷெவர்லே இம்பாலா கார்களை மணிக்கு 35 மைல் வேகத்தில் பின்டோக்களின் பின்னால் மோதவிட்டார்கள். எளிதில் தீப்பற்றாத திரவத்தைத் தொட்டியில் நிரப்புவதே இத்தகைய சோதனைகளின் வழக்கம். இம்முறை மெய்யான பெட்ரோலையே நிரப்பி, மோதும் காரின் விளக்குகளையும் எரியவிட்டிருந்தார்கள். இரண்டு பின்டோக்கள் தீப்பிடித்தன. சோதனை வேண்டுமென்றே கடுமையாக்கப்பட்டது என்ற ஆட்சேபணையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் வரும் கார்கள் மிருதுவாக மோதுவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. 1978 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி, பின்டோ எரிந்து பெருங்காயமடைந்த ஒரு சிறுவனுக்காகத் தண்டனைத் தொகையாக மட்டும் 12 கோடியே 50 லட்சம் டாலர் விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். மே மாதத்தில், பின்டோவில் பாதுகாப்புக் குறை உண்டு என்றும் 27 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் நிர்வாகம் முதல்நிலை முடிவுக்கு வந்தது. பகிரங்க விசாரணைக்குச் சில நாள் முன்பாக ஃபோர்டு இணங்கியது.

கார்களின் பாதுகாப்பைப் பற்றிய ரால்ஃப் நேடரின் 1965 ஆம் ஆண்டுப் புத்தகம் எழுப்பிய கிளர்ச்சியைத் தொடர்ந்து, 1966 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் உற்பத்தியாளர்கள் குறையை உரிமையாளர்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. அறிவித்தால் போதாது, இலவசமாகச் சரிசெய்யவும் வேண்டும் என்ற கட்டாயம் 1974 இல்தான் வந்தது. அறிவிப்பு என்பது தபாலில் வரும் ஒரு கடிதம். அச்சிடப்படவேண்டும், உரிமையாளரின் விலாசம் பதிவேட்டில் தேடப்படவேண்டும், இரண்டு மூன்று கை மாறிய கார்களின் இன்றைய சொந்தக்காரர் யாரென்று அறியவேண்டும், அதற்குள் 15 லட்சம் தகடுகளும் குழாய்களும் தயாராகிப் பட்டறைகளைச் சேரவேண்டும். 1978 ஆகஸ்ட் 10 அன்று, அழைப்பு அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகியும் இந்தக் கடிதம் சென்று சேராத ஒரு பின்டோவில், இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் அருகே மூன்று இளம்பெண்கள் சென்றுகொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு வேன் மோதியது. மூவரும் இறந்தார்கள். அந்தக் காரைத் திரும்ப அழைக்கும் கடிதம் 1979 பிப்ரவரியில் அவர்களுடைய வீட்டுக்கு வந்தது. அசட்டையால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஃபோர்டு ஸ்தாபனமே குற்றவாளிக் கூண்டில் நின்றது; ஆனால் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான மாநிலச் சட்டம் ஜூலை 1 இல்தான் அமலுக்கு வந்திருந்தமையால், அன்றிலிருந்து விபத்து வரையிலான 41 நாளில் எச்சரிக்கத் தவறியதா என்ற அளவுக்கு வழக்குச் சுருங்கி, 1980 மார்ச்சில் விடுதலையாயிற்று.

இனி அந்தத் தகட்டுக்கே திரும்புவோம். பாலிஎதிலீன் 1933 இல் இங்கிலாந்தில், எதிலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வைத்து வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்த கிப்சன், ஃபாசெட் என்னும் இருவருக்கு எதிர்பாராமல் கிடைத்தது. 1953 இல் கார்ல் சீக்லர் அதைக் குறைந்த அழுத்தத்தில், மேலும் உறுதியாகச் செய்யும் வழி கண்டார். கரியும் ஹைட்ரஜனும் மாலையாகக் கோத்த சங்கிலி அது. பெட்ரோலும் அப்படிப்பட்ட சங்கிலியே. பெட்ரோலில் மாலைக்கு நாலைந்து முதல் பன்னிரண்டு மணிகள் வரை, பாலிஎதிலீனில் ஆயிரக்கணக்கான மணிகள். சிறிய மாலைகள் ஒன்றையொன்று விட்டு எளிதில் பறந்துவிடுகின்றன. நீண்டவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, இழுத்தால் நீண்டு, அடித்தால் நெகிழ்ந்து, கிழியாமல் நிற்கின்றன. பெட்ரோலின் பக்கத்தில் காவல் வைக்கப்பட்டது அதன் சொந்த இனத்தாரே. தகட்டின் வேலை விசையைக் குறைப்பதன்று. போல்ட் தலையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் குவிந்த விசையை வாங்கி விசாலமான பரப்பில் பகிர்ந்துவிடுவது. கூடவே, அதன் வழவழப்பில் தொட்டி கூட்டின் மேல் சிக்கிக் கிழியாமல் வழுக்கிப் போகிறது. நீண்ட குழாயின் நியாயம் இன்னும் எளிது: தொட்டிக்குள் ஆழமாக நுழைந்திருப்பதால், தொட்டி முன்னே நகர்ந்தாலும் குழாயின் நுனி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒன்பது அங்குலத்தை இரண்டு பரிகாரங்களும் ஓர் அங்குலங்கூடக் கூட்டவில்லை. கட்டி முடித்த காரில் அது இயலவும் இயலாது. எனவே பழுதுபார்த்த பின்டோ முன்னைவிடப் பத்திரமானதேயன்றி, முதலிலேயே சரியாக அமைத்த காருக்கு நிகரானதன்று.

இதே இடைவெளி மறுபடியும் வந்தது. பழைய ஜீப் கிராண்ட் செரோக்கி, லிபர்ட்டி வாகனங்களில் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தமையால், 2013 இல் அதே நிர்வாகம் 27 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்கச் சொல்ல, முதலில் மறுத்த கிரைஸ்லர் ஸ்தாபனம் ஜூன் மாதத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் வாகனங்களுக்கு இணங்கியது. அப்போது தேர்ந்த பரிகாரம், டிரெய்லர் இழுக்கும் எஃகுக் கொக்கியைப் பம்பருக்கு அடியில் பொருத்தித் தொட்டிக்கு முட்டுக் கொடுப்பது.

301 ஆம் விதியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2003 இல் திருத்தி, படிப்படியாக அமலாக்கிய வடிவத்தில், 1368 கிலோகிராம் எடையுள்ள நகரும் தடுப்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பின்புற அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கில் மட்டும் மோதுகிறது. மோதி ஓயும் வரையில் 28 கிராம், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி, அதன்பின் ஐந்து நிமிஷத்தில் 142 கிராம், ஒரு டம்ளர் அளவு. இதற்கு மேல் கசியக்கூடாது. பிறகு காரைத் தன் அச்சில் மெல்ல உருட்டிக் கவிழ்த்தும் பார்க்கிறார்கள். முழுவதும் நசுங்கும் வாலை நம்பி இந்தத் தேர்வில் வெல்வது அரிது. ஆகையால் தொட்டி இடம் மாறிவிட்டது. எஃகுத் தகட்டை அடித்து வளைப்பதைப் போலன்றி, ஊதி வார்த்த பாலிஎதிலீனைக் கோணல்மாணலான எந்த இடைவெளிக்கும் ஏற்பச் செய்யமுடியும் என்பது இதற்குத் துணைசெய்தது. இன்றைய சிறிய காரொன்றைத் தூக்கியில் ஏற்றும்போது அடியில் நின்று பார்த்தால், பின் இருக்கைக்கு நேர் கீழே, பின் அச்சுக்கு முன்னால், இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவில், இரும்புப் பட்டைகள் தாங்கும் கறுத்த பிளாஸ்டிக் தொட்டியைக் காணலாம். நாற்புறத்திலிருந்தும் வரும் அடிக்குத் தொலைவான இடம் அது; அதற்கு மேலேயுள்ள இருக்கையில்தான் குழந்தைகளையும் உட்காரவைக்கிறோம்.